இருபது நிமிடம் பல் தேய்க்கிறவள்

செப்டம்பர் 2, செவ்வாய்

குழாயை நூல் மாதிரித் திறந்து விட்டிருக்கிறேன். வெளியே இருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் போதும். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இந்த வீட்டில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தனியாக இருக்கக்கூடிய இடம் இந்தக் குளியலறை ஒன்றுதான். படுக்கிற அறையில் அக்கா இருப்பாள். அவளுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி.

பிரஷ்ஷை நனைத்து வைத்துவிட்டேன். துளி பேஸ்ட்டை நாக்கில் தடவிக்கொண்டேன். முன்பற்களில் மட்டும் மேலாக இரண்டு இழுப்பு. தேய்த்த வாசம் வந்துவிடும். அவ்வளவுதான் என் பல் தேய்ப்பு.

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் தூக்கம் வராது.

மூன்றாவது பீரியட் முடிந்ததும் என் பக்கத்தில் உட்காருகிறவள் பையைத் தூக்கிக்கொண்டு முதல் வரிசைக்குப் போய்விட்டாள். ஆறாம் வகுப்பிலிருந்து நாங்கள் ஒரே பெஞ்சு. எல்லாரும் அவளை நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். மிஸ் சொன்னார், "உன் உயரத்துக்கு நீ முன்னாடி வந்து உட்கார்ந்தா பின்னாடி இருக்கிறவங்க உன் ஜடையத்தான் பார்க்கணும்." நெட்டை சொன்னாள், "போர்டு சரியா தெரியல மிஸ். கண்ணு டெஸ்ட் பண்ணணும்னு அப்பா சொன்னாரு." சொல்லும்போது என் பக்கம் திரும்பவே இல்லை.

அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்றுகொண்டு ரோட்டில் போகிற பஸ்ஸின் நம்பரைப் படிப்பாள். நேற்று நான் அவள் காதருகில் போய் ஒரு ரகசியம் சொன்னேன். சொல்லி முடிக்கிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

என்னைக் காட்டிக் கொடுக்காமல் பொய் சொன்னாளே, அதுதான் தாங்க முடியவில்லை. "உன் வாய் நாறுது" என்று சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது திட்டியிருப்பேன். பொய்க்கு என்ன பதில் சொல்வது?

அக்கா கதவைத் தட்டுகிறாள். "உள்ள என்ன, புதுசா பல்லு முளைக்க வெச்சிட்டிருக்கியா? வெளிய வாடி!"

செப்டம்பர் 3, புதன்

பெஞ்சில் தனியாக இருந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் —

செப்டம்பர் 5, வெள்ளி

வெள்ளிக்கிழமை வந்தாலே எனக்குப் பிடிக்காது. அம்மா ஏதாவது ஒரு பள்ளிக்குப் போகிற நாள்.

அம்மா ஒரு பல் டாக்டரம்மாவிடம் உதவியாளராக இருக்கிறாள். கருவிகளைக் கழுவிச் சூடுபடுத்தி அடுக்கி வைப்பது, டாக்டரம்மா கையை நீட்டினால் சரியானதை எடுத்துக் கொடுப்பது, வருகிறவர்களுக்கு நேரம் குறித்துத் தருவது. வெள்ளிக்கிழமைகளில் ஒரு பெரிய பிளாஸ்டிக் வாயையும், முழங்கை நீளப் பிரஷ் ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு பள்ளிகளுக்குப் போவாள். எப்படித் தேய்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவாள்.

ஜூன் கடைசியில் எங்கள் பள்ளிக்கும் வந்தாள். எல்லா வகுப்பும் கூடியிருந்த இடத்தில் என்னை மேடைக்குக் கூப்பிட்டாள். "இது என் பொண்ணுதான். இவ பல்லைப் பாருங்க!" நான் ஈ என்று காட்டினேன். கை தட்டினார்கள். மறுநாளிலிருந்து என் பெயர் 'பேஸ்ட்டு'. "ஏய் பேஸ்ட்டு, மூடியத் தொலைச்சிட்டியா?" அதெல்லாம்கூடப் பரவாயில்லை.

அடுத்த வாரம்தான் ரத்தம் வந்தது. துப்பினால் வெள்ளை நுரையில் சிவப்பாக ஒரு கோடு. சட்டென்று தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டேன். எந்த இடத்தில் வருகிறது என்று தேடினேன். கீழ் வரிசையில் உள்பக்கம். மறுநாள் அந்த இடத்தை விட்டுவிட்டுத் தேய்த்தேன், வரவில்லை. அப்படியென்றால் பிரஷ் படுவதால்தானே வருகிறது? படாமல் இருந்தால் ஆறிவிடும். காயத்தைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருப்பார்களா? இப்படித்தான் யோசித்தேன். பிறகு கடைவாயில் வந்தது. அங்கேயும் விட்டேன். இப்படி ஒவ்வோர் இடமாக விட்டு விட்டு, இப்போது வெளியே தெரிகிற பற்கள் மட்டும்தான் மிச்சம்.

அம்மாவிடம் கேட்டிருக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். எப்படிக் கேட்பது? மேடையில் காட்டிய பல்லாயிற்றே. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறவள் வீட்டில் இப்படி ஒன்று என்று ஆகிவிடாதா? இரண்டு நாளில் சரியாகிவிடும், பிறகு ஒழுங்காகத் தேய்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். மூன்றாவது மாதம் நடக்கிறது.

அம்மா பேசுவது முழுக்க எனக்கு மனப்பாடம். காலையில் ஒன்று, படுக்கப் போகுமுன் ஒன்று. இரண்டு நிமிடம். ஈறும் பல்லும் சேருகிற இடத்தில் பிரஷ்ஷைச் சாய்த்து வைத்து, சின்னச் சின்ன வட்டமாக. வெளிப்பக்கம், உள்பக்கம், மெல்லுகிற பக்கம். நார் விரிந்துபோனால் பிரஷ்ஷை மாற்று. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு வரி விடாமல் சொல்வேன்.

ஒன்றும் தெரியாதவளாக இருந்திருந்தால் இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது.

செப்டம்பர் 7, ஞாயிறு

சித்தி வந்திருந்தாள். அம்மாவுக்கு என்னைப் பற்றிப் பேச ஆள் கிடைத்துவிட்டது. "பெரியவளை விடு, அவளுக்குக் காலையில தேய்க்கிறதே பெரிய விஷயம். சின்னவ அப்படியில்லை. ராத்திரி இருபது நிமிஷம் தேய்ப்பா. நானே போய்க் கதவைத் தட்டணும்."

சித்தி என் கன்னத்தைப் பிடித்து, "எங்க, காட்டு பார்க்கலாம்" என்றாள். நான் உதட்டை இறுக்கிக்கொண்டு, "வாயில சாக்லேட் இருக்கு சித்தி" என்று மூக்கால் பேசிவிட்டு உள்ளே ஓடிவிட்டேன். பின்னால் அம்மா சிரிப்பது கேட்டது.

அந்த இருபது நிமிடம் இந்த நோட்டுக்குத்தான் போகிறது. அம்மா பெருமைப்படுவது இந்தக் குழாய்ச் சத்தத்தைக் கேட்டு. வாளியின் மேல் உட்கார்ந்து இதை எழுதும்போது என் முகத்தை நானே கண்ணாடியில் பார்க்கவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

மொழி வகுப்பில் நின்று சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். எனக்கு வாசிக்கப் பிடிக்கும். போன வருடம் போட்டிக்கெல்லாம் போனேன். இன்று எழுந்து நின்றதும், முன்னால் இருக்கிறவள் தலையைத் தேய்த்துக்கொண்டே கொஞ்சம் குனிந்தாள். தலை அரித்ததோ என்னவோ. எனக்கு வாய் திறக்கவில்லை. தொண்டை சரியில்லை என்றேன். "நேத்தும் சரியில்ல, இன்னிக்கும் சரியில்ல. தொண்டையா, திமிரா?" என்றார் மிஸ்.

திமிர் என்றே இருக்கட்டும்.

செப்டம்பர் 11, வியாழன்

மாட்டிக்கொண்டேன். முழுதாக இல்லை. இது அதைவிட மோசம்.

காலையில் என் தலையணை உறையில் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்புக் கறை. எனக்குத் தெரியவில்லை, அக்காதான் பார்த்தாள். "அம்மா! இவ வாயில இருந்து ரத்தம்மா!" அம்மா அடுப்பை அணைக்காமலே ஓடி வந்தாள். ஜன்னல் பக்கம் இழுத்து வாயைத் திறக்கச் சொன்னாள். நான் ஈ என்று மட்டும் காட்டினேன். இன்னும் திற என்றபோது "வலிக்குதும்மா" என்று மூடிக்கொண்டேன். வலிக்கவில்லை. பயம்.

"முன்னாடி பல்லு எல்லாம் சுத்தமா இருக்கு. ஆனா ஈறு ஏன் இப்படிச் செவந்து வீங்கிக் கிடக்கு?" அம்மாவின் குரல் மெதுவாகிக்கொண்டே போயிற்று. "ரொம்ப நாளா வருதா?"

"இல்லம்மா. இப்பத்தான்."

இன்னொரு பொய்.

செப்டம்பர் 12, வெள்ளி

அம்மா இன்று எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. டாக்டரம்மாவின் மகளுக்குப் பிரசவம், அவர் வெளியூரில் இருக்கிறார், வர இன்னும் பத்து நாளாகும். அம்மா ஃபோனில் கூப்பிட்டாள். நான் அடுத்த அறையில் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"இல்ல டாக்டர், தேய்க்கிறதுல குறையே இல்லை. ராத்திரி இருபது நிமிஷம்... ஆமா, என் கண்ணு முன்னாடிதான்... இல்ல, மருந்து எதுவும் சாப்பிடல... ஆமா, கொஞ்சம் சோர்ந்துதான் இருக்கா. பேசறதே இல்ல, சிரிக்கிறதே இல்ல..."

பிறகு அம்மா கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். கடைசியில், "ரத்தத்துலயா?" என்றாள்.

வாய் சுத்தமாக இருந்தும் ஈறில் ரத்தம் வந்தால் உடம்பில் வேறு ஏதாவது இருக்கலாமாம். எதற்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடச் சொல்லியிருக்கிறார். இது சாப்பிடும்போது அம்மா அப்பாவிடம் ஜாடையாகச் சொன்னது. அப்பா லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். எது கெட்டுப்போனாலும் "ஒரு திருகுதான், பார்த்துக்கலாம்" என்பார். இன்று அப்படிச் சொல்லவில்லை. தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார்.

டாக்டரம்மா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். 'வாய் சுத்தமாக இருந்தும்.' அந்த மூன்று வார்த்தையும் என் பொய்.

சொல்லிவிடு. இப்போதே கதவைத் திறந்துகொண்டு போய்ச் சொல்லிவிடு.

சொல்லவில்லை.

செப்டம்பர் 13, சனி

அக்கா அவளுடைய ஜன்னல் பக்கத்துக் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டாள். நான்கு வருடமாகக் கேட்டும் தராதவள். "காத்து வரும், இங்க படு" என்றாள். என்னைத் திட்டவே இல்லை. நான் அவளுடைய சட்டையைக் கேட்காமல் எடுத்துப் போட்டுப் பார்த்தேன், அதற்கும் திட்டவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அக்கா திட்டாமல் இருந்தால் நான் சாகப்போகிறேன் என்றுதான் அர்த்தம்.

அப்பா மாதுளம்பழம் வாங்கி வந்து தானே உரித்துக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தார். அவர் விரல் நகத்தில் எப்போதும் கிரீஸ் இருக்கும். இன்று சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து நகம் வெளுத்திருந்தது.

பழம் இறங்கவில்லை. அவர் எதிரில் உட்கார்ந்திருந்ததால் விழுங்கினேன்.

மத்தியானம் அம்மா துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். என் பள்ளிச் சட்டையை. ஒரே கையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள், மடிப்பே இல்லாத கையை. தோள் குலுங்கியது. நான் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, சத்தம் செய்யாமல் திரும்பி வந்துவிட்டேன்.

நான் எப்படிப்பட்டவள்?

செப்டம்பர் 15, திங்கள்

ரத்தம் கொடுத்தாயிற்று.

லேபில் இருந்த அண்ணா ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு, "எந்தக் கிளாஸ்? கணக்கு வருமா?" என்று பேச்சுக் கொடுத்தார். பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். ஊசிக்கு நான் பயப்படவில்லை. அம்மாவைப் பார்த்தேன். நாள் முழுக்க ஊசியும் ரத்தமும் பஞ்சுமாக வேலை பார்க்கிறவள், சுவரில் ஒட்டியிருந்த காலண்டர் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். ஊசி குத்துவதற்கு முன் ஒரு கணம் இருந்தது. அந்தக் கணத்தில் சொல்லியிருந்தால்கூட —

குழாய் நிறைந்தது. அடர்ந்த சிவப்பு. ஒரு குறையும் இல்லாத ரத்தம் என்று எனக்குத் தெரியும். அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா என் கையை விடவே இல்லை. பதிமூன்று வயதில் ரோட்டில் கையைப் பிடித்துக்கொண்டு போனால் நான் எப்போதும் உதறுவேன். இன்று உதறவில்லை. அதையும் அம்மா தப்பாகத்தான் புரிந்துகொண்டிருப்பாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ரிப்போர்ட் வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது.

தப்பித்தேன் என்று நினைத்தேன். உண்மையாகவே அந்த வார்த்தைதான் மனதில் வந்தது, எழுதி வைக்கிறேன். அம்மா காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்பா "நான்தான் சொன்னேனே, ஒரு திருகுதான்" என்றார். அக்கா "அப்ப என் கட்டிலைத் திருப்பிக் குடு" என்றாள். ஒரு மணி நேரம் எங்கள் வீடு பழைய வீடாக இருந்தது.

பிறகு அம்மா திரும்பவும் அந்தக் காகிதத்தை எடுத்து விளக்கடியில் வைத்துப் பார்த்தாள். "ரத்தத்துலயும் ஒண்ணுமில்ல. தேய்க்கிறதுலயும் ஒண்ணுமில்ல. அப்போ எதனால வருது?"

அப்பா காகிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக நேரம் வாங்கிவிட்டாள். அங்கே எலும்பில்கூட ஊசி போட்டுப் பார்ப்பார்களாம், அக்கா தேடிப் படித்துவிட்டுச் சொன்னாள். அம்மா அவளை அதட்டினாள். ஆனால் அம்மாவுக்கும் அது முன்பே தெரிந்திருந்தது, முகத்தைப் பார்த்தேன்.

அம்மா விடப்போவதில்லை. காரணம் கிடைக்கிறவரை தேடிக்கொண்டே இருப்பாள். காரணம் இங்கே வாளி மேல் உட்கார்ந்திருக்கிறது.

செப்டம்பர் 17, புதன்

சொல்லிவிட்டேன். இல்லை, சொல்லவில்லை. காட்டிவிட்டேன்.

எழுத்து கோணலாக வருகிறது, பரவாயில்லை.

பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகாமல் கிளினிக்குக்குப் போனேன். டாக்டரம்மா இல்லாததால் யாரும் வருவதில்லை, ஃபோன் எடுப்பதற்காக அம்மா மட்டும் உட்கார்ந்திருப்பாள். வழியெல்லாம் வாக்கியம் தயார் செய்துகொண்டு போனேன். 'அம்மா, நான் ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது.' வேண்டாம். திட்டட்டும். 'அம்மா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்.' ரப்பரைத் தொலைத்துவிட்டு வந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

உள்ளே போனபோது அம்மா நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சாய்ந்து படுக்கிற பெரிய நாற்காலி. என்னைப் பார்த்ததும் பதறி, "என்னடா? மயக்கமா வருதா? ரத்தம் வந்துச்சா?" என்றாள். தயார் செய்த வாக்கியம் எல்லாம் போய்விட்டது.

பையைக் கீழே வைத்தேன். நாற்காலியில் ஏறிப் படுத்தேன்.

"லைட்டைப் போடும்மா."

"எதுக்கு?"

"போடேன்."

போட்டாள். கண் கூசியது, மூடிக்கொண்டேன். வாயைத் திறந்தேன். முழுவதுமாக, தாடை வலிக்கிற அளவுக்கு. ஈ இல்லை, ஆ.

சின்னக் கண்ணாடி நாக்குக்கு அடியில் போனது. கீழ்ப் பற்களின் உள்பக்கம் நின்றது. நகர்ந்தது. வலது கடைவாய். இடது கடைவாய். மேல் வரிசை. ஓரிடத்தில் பல்லைத் தட்டியது, அந்தச் சத்தம் பல்லில் தட்டின சத்தமாக இல்லை, கல்லில் தட்டின மாதிரி இருந்தது. அம்மா மூச்சு விடுவது நின்றிருந்தது. நாற்றத்தாலா, வேறு எதனாலா, எனக்குத் தெரியாது.

கண்ணாடியைத் தட்டில் வைத்தாள். வைக்கவில்லை, கை தவறி விழுந்தது.

"எத்தனை நாளா?"

"ஜூலையில இருந்து."

"அந்த இருபது நிமிஷம்?"

"எழுதிட்டிருந்தேன்."

"என்ன எழுதின?"

"இதைத்தான்மா. இந்த மாதிரின்னுதான்."

லைட்டை அணைத்தாள். வாஷ்பேசினில் போய்க் கையைக் கழுவினாள். கழுவினாள், கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். "தேய்ச்சா ரத்தம் வந்துச்சும்மா, பயந்துட்டேன், தேய்க்காட்டி வரலை, அதான்..." என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டாளா தெரியவில்லை. ஒரு அடி அடித்திருக்கலாம்.

பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அம்மா உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வீடு வரும்வரை நின்றே வந்தாள்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னாள்: "ரத்தத்துல ஒண்ணுமில்ல. பல்லு தேய்க்கல, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வேண்டாம்." அவ்வளவுதான் என்று சொல்லும்போது குரல் உடைந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கீழே குனிந்துகொண்டார். அக்காதான் தலையணையால் அடி அடியென்று அடித்தாள். "மூணு நாள் ராத்திரி தூங்கலடி நான்! நீ செத்துப்போனா யார்கூடச் சண்டை போடறதுன்னு அழுதேன்டி! பல்லு தேய்க்கலையாம்ல! பல்லு!" அடித்துக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கு வலிக்கவே இல்லை. இன்னும் கொஞ்சம் அடித்திருக்கலாம்.

செப்டம்பர் 18, வியாழன்

அம்மா பேசவில்லை. சாப்பாடு வைத்தாள், ஜடை பின்னிவிட்டாள், பேசவில்லை.

ஜூலைக்குப் பிறகு இன்றுதான் உள்பக்கம் தேய்த்தேன். வாஷ்பேசின் முழுக்கச் சிவப்பு. அழுகையாக வந்தது. நிறுத்தவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போகிறதாக இருந்த நாள்.

ராத்திரி நான் தேய்த்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்தாள். கதவைத் திறந்துதான் வைத்திருந்தேன். பின்னால் நின்று கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"தரை தேய்க்கிற மாதிரித் தேய்க்காத. இப்படிச் சாய்ச்சுப் பிடி." என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது. "ஈறோரமா... அரிசி அளவு வட்டம். போதும். அடுத்த பல்லு."

ரத்தம் வந்தது. நான் நிறுத்தினேன்.

"நிறுத்தாத. அந்த இடத்துலதான் தேய்க்கணும். சாப்பிட்டது மாவு மாதிரி ஓரத்துல படிஞ்சிடும். அதை எடுக்காம விட்டாத்தான் ஈறு வீங்கும். வீங்கினது தொட்டாலே ரத்தம் விடும். பிரஷ் காயம் பண்ணலடா. மெதுவா."

இரண்டு நாள் கழித்து அம்மா என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள். நுரையோடு "சாரிம்மா" என்றேன், நுரைதான் வெளியே வந்தது.

"மேடையில உன்னை நிக்க வெச்சதுதான் தப்பு" என்றாள் அம்மா. கண்ணாடியைப் பார்த்து அல்ல, குழாயைப் பார்த்து.

அம்மாவின் தப்பு இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். பிரஷ் வாயில் இருந்தது. எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

காலை, இரவு. காலை, இரவு. இன்னும் வருகிறது. கொஞ்சம் குறைவோ?

செப்டம்பர் 26, வெள்ளி

டாக்டரம்மா வந்துவிட்டார். இன்று சுத்தம் செய்தார்கள்.

அதே நாற்காலி. அம்மா என் தலைமாட்டில், எச்சிலை உறிஞ்சுகிற குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா முகக்கவசத்தோடு குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "கீழ உள்பக்கம் முழுக்கப் பற்காரை கட்டியிருக்கே. நீங்க ஃபோன்ல இருபது நிமிஷம் தேய்க்கிறான்னு சொன்னீங்க?"

எனக்குத் தரை பிளந்து நாற்காலியோடு உள்ளே போய்விடக் கூடாதா என்று இருந்தது. சொல்ல வேண்டியவள் நான். வாய்க்குள் கண்ணாடி இருந்தது.

அம்மா சொன்னாள், "தேய்க்கிறதை நான் பார்க்கல டாக்டர். குழாய்ச் சத்தத்தைத்தான் கேட்டேன். பார்த்தேன்னு உங்ககிட்டச் சொல்லிட்டேன்."

பன்னிரண்டு வருடமாக அங்கே வேலை செய்கிறாள். என்மேல் ஒரு வார்த்தை போடவில்லை. 'இவ ஏமாத்திட்டா டாக்டர்' என்று சொல்லியிருக்கலாம், அதுதானே உண்மை. நெட்டை ஒரு பொய் சொல்லி என்னை மறைத்தாள். அம்மா ஓர் உண்மையைச் சொல்லி மறைத்தாள். எனக்காக எத்தனை பேர்தான் கூனிக்குறுக வேண்டும்?

டாக்டரம்மா ஒரு கணம் அம்மாவைப் பார்த்தார். பிறகு, "சரி, குழாயைப் பிடிங்க" என்றார்.

காரை சின்னச் சின்னக் கல்லாக உதிர்ந்தது. உப்புக் கரிக்கிற ரத்தம். முடிந்ததும் நாக்கால் தடவிப் பார்த்தேன். யாரோ ஒருவருடைய பல் மாதிரி இருந்தது, இடையில் இடைவெளி, வழவழப்பு. "இதெல்லாம் நான் எடுத்தாச்சு. இனிமே நீ தேய்க்கிறதைப் பொறுத்துத்தான்" என்றார் டாக்டரம்மா. திட்டவில்லை. எல்லாரும் ஏன் இப்படித் திட்டாமல் இருக்கிறார்கள்?

அக்டோபர் 2, வியாழன்

நேற்றும் இன்றும் ரத்தம் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் பெருமைப்பட்டுவிடுவார்கள்.

நெட்டை இன்னும் முதல் வரிசையில்தான். போய்க் கூப்பிடலாம். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. இப்போ நாறாது, வா என்றா?

அக்டோபர் 9, வியாழன்

வாசிக்கச் சொன்னபோது எழுந்து வாசித்தேன். குரல் முதலில் வரவில்லை, பிறகு வந்தது. யாரும் குனியவில்லை. அல்லது நான் பார்க்கவில்லை.

சாயங்காலம் அம்மா பள்ளிகளில் பேசுகிற காகிதத்தை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு எதையோ அடித்து அடித்து எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாக எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. அடுத்த வாரம் ஒரு பள்ளியில் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னைக் கூப்பிட்டாள்.

"ஒண்ணு கேட்கட்டுமா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடணும். நம்ம வீட்டுல நடந்ததை அங்க சொல்லலாமா?"

"வேண்டாம்" என்றேன்.

"சரி" என்றாள் அம்மா. அந்த இடத்தை அடித்துவிட்டாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

மூன்று நாளாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று அம்மா காய் நறுக்கும்போது போய்ச் சொன்னேன்: "சொல்லிக்கோ. பேரைச் சொல்லாத. எந்த ஸ்கூல்னும் சொல்லாத. எத்தனாவது படிக்கிறேன்னும் சொல்லாத."

"அக்கான்னு வேணா மாத்திச் சொல்லட்டுமா?"

உள்ளேயிருந்து அக்கா கத்தினாள், "அதெல்லாம் நடக்காது! அவ பல்லு, அவ மானம்!"

அக்டோபர் 17, வெள்ளி

அம்மா இன்று வீடு வந்து சேர்ந்தபோது மணி ஏழு. மூன்றரைக்கே முடிந்துவிடும். அப்பா இரண்டு தடவை ஃபோன் செய்துவிட்டார்.

வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். நான் கேட்கவில்லை. அம்மாவே சொன்னாள். "தேய்க்கிறப்போ யாருக்கெல்லாம் ரத்தம் வருதுன்னு கேட்டேன். இருநூறு பேர், ஒரு கை மேல வரலை. அப்புறம் நம்ம கதையைச் சொன்னேன். என் பொண்ணு பயந்துபோய்த் தேய்க்கிறதையே நிறுத்திட்டா, பக்கத்துலயே இருந்தும் எனக்குத் தெரியலைன்னு."

"சிரிச்சாங்களா?"

"கொஞ்சம் பேர் சிரிச்சாங்க. அப்புறம் கடைசி வரிசையில ஒரு கை. அப்புறம் நடுவுல ரெண்டு. எண்ணினேன், பதினேழு."

பதினேழு பேர். நான் அங்கே இருந்திருந்தால் கையைத் தூக்கியிருப்பேனா? மாட்டேன். குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

"ஒருத்தி தூக்கல," என்றாள் அம்மா, நான் நினைத்ததைக் கேட்ட மாதிரி. "கூட்டம் கலைஞ்சதும் பின்னாடியே கேட் வரைக்கும் வந்தா. அப்புறம் பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தா. வாயைத் திறக்கல. நானும் ஒண்ணும் கேட்கல. பக்கத்துல நின்னுட்டிருந்தோம். பஸ் வந்துச்சு, போச்சு. ரெண்டாவதும் போச்சு. அப்புறம்தான் சொன்னா."

"என்னம்மா சொன்னா?"

அம்மா டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"அதை உன்கிட்ட எப்படிடா சொல்றது? அது அவ விஷயம்."